குத்தூசி படாத பொதி

லாமு துறையில் என் வேலை குத்தூசி போடுவது. நெய்த் தகரமோ, தோல் கட்டோ, பேரீச்சம்பழக் கூடையோ, கப்பலில் எது வந்தாலும் இரும்பு ஊசியை உள்ளே செருகி, மறைத்த சரக்கு ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். ஊரில் என்னைக் குபி என்று யாரும் கூப்பிடுவதில்லை, குத்தூசி என்றுதான். கூப்பிட்டுத் தொலையட்டும். சம்பளத்தை வெள்ளைக்காரன் கொடுத்தான், வசவை ஊர் கொடுத்தது. இரண்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

ஆனால் எங்கள் துறையில் குத்தூசிக்கும் மேலே ஒன்று உண்டு. தலாக் சத்தியம். "இந்தப் பொதியில் நான் சொன்னதைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் என் பெண்டாட்டிக்கு மூன்று தலாக்" என்று ஒருவன் சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டால், அந்தப் பொதியை நான் தொடமாட்டேன். சொன்னது பொய்யானால் அந்த நிமிடமே அவள் அவனுக்கு அந்நியப் பெண். அல்லாவின் பெயரைச் சொல்லிப் பொய் சத்தியம் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியை வைத்துப் பொய் சொன்னவன் ஒருவனையும் பார்த்ததில்லை. அந்த வருஷம் புதிதாக வந்த சுங்கத்துரைக்கும் இந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. வெயிலில் நிற்கிற வேலை மிச்சமல்லவா.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் செத்துக் கிடந்த நாட்கள். கப்பல்தலைவர் ஃபமாவு நகுதாவின் பாய்க்கப்பல் கிஸ்மாயுவிலிருந்து வரவேண்டிய நாள் கடந்து வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலுக்காக என் மச்சான் லாலி தினமும் துறையில் வந்து காத்துக் கிடந்தான். லாலி என் தங்கை சோமோவின் புருஷன். சுண்ணாம்பு பூசும் கொத்தன், நல்லவன், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். கிஸ்மாயுவில் காய்ச்சலில் விழுந்த அவன் அண்ணன் ஷெகுவேயைக் கூட்டிவரத்தான் ஃபமாவு போயிருந்தார். "உசுரோட இருந்தாலும் இல்லேன்னாலும் உன் புள்ளைய உன் கையில கொண்டாந்து ஒப்படைக்கிறேன்" என்று அவர்களுடைய தாயிடம் தன் தாடியைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவர்.

கப்பல் படியை ஒட்டியதும் லாலி எட்டிப் பார்த்தான். தளத்தில் ஓலைப்பாயில் சுருட்டிக் கயிறு போட்ட நீளமான பொதி ஒன்று கிடந்தது. அதன் அருகே ஃபமாவு நின்றார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன.

"நேத்து சாயங்காலம், தம்பி" என்றார். "குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, தொழவும் தொழுதுட்டோம். நீ மண்ணுல வெச்சாப் போதும்."

லாலி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஷெகுவே என் தங்கை கல்யாணத்தில் விடிய விடிய முரசு அடித்தவன்.

துரை வந்தார். பொதியைப் பார்த்தார். கிஸ்மாயு மாதிரி இத்தாலிக்காரன் பக்கத்துத் துறைகளிலிருந்து பட்டும் புகையிலையும் பிணம்போலச் சுற்றி மையத்து வேஷத்தில் இறங்குகிறது என்று மேலிடத்திலிருந்து அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறந்தபோது என் காதையே நான் நம்பவில்லை.

"குபி, ஊசி போடு."

மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்றார்கள்.

"துரை, இது மையத்து" என்றேன்.

"அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நகுதா சத்தியம் பண்ணட்டும். உங்கள் சத்தியம்."

எனக்கு உயிர் வந்தது. ஃபமாவு பக்கம் திரும்பினேன். "நகுதா, சொல்லிடுங்க. ஒரு வார்த்தைல முடிஞ்சிடும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டே, "எதை வெச்சுச் சொல்ல? என் பொண்டாட்டி மௌத்தாகி வருஷமாச்சே" என்றார்.

அது உண்மைதான். அந்த நேரத்திலும் கூட்டத்தில் எவனோ ஒருவன், "வேற ஒண்ணு கட்டிக்கிட்டு வந்து சொல்லுங்க, நகுதா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் லாலியைக் கிளப்பிவிட்டது.

"எவன்டா சிரிச்சது? எங்கண்ணன் மேல ஊசி போடுவானாம், நீங்க பல்லைக் காட்டுவீங்களா?" அவன் கப்பலுக்குள் தாவி, பொதியின் மேல் உள்ளங்கையை வைத்தான். "நான் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க. இதுக்குள்ள இருக்கறது என் கூடப் பொறந்த ஷெகுவே. அவன் இல்லாம வேற எது இருந்தாலும் என் பொண்டாட்டி சோமோவுக்குத் தலாக், தலாக், தலாக்!"

"தம்பி!" என்று ஃபமாவு கத்தினார். அந்தக் கத்தலைத் துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

துரை தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "நல்ல வழக்கம்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். நான் குத்தூசியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பொதியை லாலியின் தாய் வீட்டு வாசல்வரை கொண்டுபோனோம். அவள் முகம் பார்க்கவேண்டும் என்று அலறினாள். "வேணாம், வீங்கிப் போச்சு, உன் கண்ணுல அந்த மொகம் நிக்க வேணாம்" என்று ஃபமாவு குறுக்கே நின்று தடுத்துவிட்டார். கபுர்ஸ்தானுக்கு நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ஷெகுவே கனமான ஆள், பொதியும் கனமாகத்தான் இருந்தது. வழியெல்லாம் சுறாக் கருவாட்டு வாடைதான் அடித்தது. அந்தக் கப்பலில் வந்த எல்லாச் சரக்கும் அப்படித்தான் நாறும்.

தகப்பன் கபுருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். உள்ளே இறங்கி மையத்தை வாங்குவது தம்பியின் கடமை. லாலி வேட்டியை மடித்துக் கட்டினான். ஃபமாவு அவனைத் தள்ளிவிட்டுத் தானே குழிக்குள் இறங்கினார்.

"நான் வெச்சுக்கறேன். நீ மேல இரு."

"அவன் என் அண்ணன். மேல வாங்க நகுதா."

"சொன்னாக் கேளு!"

லாலி கேட்கிற ஆளா? அவனும் குதித்தான். இடுப்பளவு குழிக்குள் இரண்டு ஆண்பிள்ளைகள் நின்று மல்லுக்கட்டுவதைப் பார்த்து எங்களுக்கு உடம்பு கூசியது. திடீரென்று ஃபமாவு லாலியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வயதானவர், அழுகையில் தாடை நடுங்கியது.

"இன்னிக்கு நீ உன் வீட்டுக்குப் போகாதே, தம்பி. அவ உனக்கு ஹராமாயிட்டா."

"என்ன உளர்றீங்க?"

"உன் சத்தியம் விழுந்துடுச்சு. ஷெகுவே இதுக்குள்ள இல்ல."

எனக்குக் கேட்டது புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை. அடக்கத்துக்கு வந்திருந்த ஊர் மார்க்க நீதிபதி காதியின் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை நழுவி மண்ணில் விழுந்தது. குழிக்கரையில் வைத்திருந்த பொதியருகே நான் மண்டியிட்டேன். பாயின் தலைப்பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். துணியின் முடிச்சை அவிழ்த்தேன். கையில் மணல் கொட்டியது. கப்பலின் அடியில் பாரத்துக்குப் போடுகிற ஈர மணல். நடுவே ஆள் நீளத்துக்குக் கண்டல் மரக்கட்டை ஒன்று.

ஃபமாவு கபுருக்குள் உட்கார்ந்தபடியே சொன்னார். கிஸ்மாயுவை விட்ட மறுநாளே ஷெகுவே போய்விட்டான். காற்றும் அன்றே நின்றது. கொளுத்துகிற வெயிலில் கப்பல் அசையாமல் கிடக்க, உடல் கெடத் தொடங்கியது. மையத்துதான் காற்றைக் கட்டிவைத்திருக்கிறது என்று மாலுமிகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் முறைப்படி குளிப்பாட்டி, தொழுது, கல் கட்டிக் கடலில் இறக்கினார்கள்.

"அதுல என்ன குத்தம்? மார்க்கத்துல எடம் இருக்கே!" என்றார் காதி. "வந்து சொல்லியிருந்தா நாங்களே துவா ஓதியிருப்போமே."

"அந்தத் தாய்கிட்ட எப்படிச் சொல்றது? கையில ஒப்படைக்கிறேன்னேனே. அவளுக்கு உக்காந்து அழ ஒரு கபுராவது இருக்கட்டும்னு நெனச்சேன். இவன் பொண்டாட்டிய வெச்சு சத்தியம் பண்ணுவான்னு நான் கண்டேனா? நீங்க யாரும் தொறக்க மாட்டீங்க. நான் வாயை மூடிக்கிட்டிருந்தா இவன் ஆயுசு பூரா அவகூட ஹராமா வாழ்ந்திருப்பான். அதனாலதான் சொன்னேன்."

லாலி அவரை அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் அடிக்கவில்லை. மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தான். "அப்போ எங்கண்ணன் எங்க?" என்று குழந்தைபோலக் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

காதி தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். "அவன் அப்படித்தான்னு நம்பிச் சொன்னதுதானே. விழுந்ததா இல்லையான்னு மார்க்கக் கிதாபைப் பாத்துத்தான் சொல்லணும். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள போகாதே" என்றார்.

நாங்கள் சந்துக்குள் நுழையும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் வெளியே வருவதில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு பூனை செத்ததில்லை. சோமோ கதவைப் பாதி திறந்து நின்றாள். அழுதிருக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. லாலி சந்துமுனையிலேயே நின்றுவிட்டான். நான் வாசலுக்குப் போனேன்.

"என் பேரைச் சொன்னாராமே? பேரோட?" என்றாள்.

"ஆமா."

"துரை முன்னாடியா? மூட்டை தூக்கறவனுங்க முன்னாடியா?"

"கோபத்துல சொல்லிட்டான், தங்கச்சி. அவன் அண்ணன் மேல ஊசி..."

"அவரை விடு. பெத்த தாயே ஏமாந்தா, அவரும் அண்ணன்தான் உள்ள இருக்கான்னு நம்பி என்னைப் பணயம் வெச்சாரு. நீ பக்கத்துலதானே நின்னே? என் பேரைச் சந்தைச் சரக்கு மாதிரிக் கூவும்போது நீ என்ன பண்ணே?"

நான் என்ன செய்தேன்? ஊசியை இடுப்பில் செருகினேன். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அதை அவளிடம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

"சோமோ!" என்று சந்துமுனையிலிருந்து லாலி கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது. "காதி பாத்துச் சொல்றேன்னாரு. விழலைன்னுதான் சொல்வாரு, பாரு. நாளைக்கே சொல்லிடுவாரு."

"சொல்லட்டும்" என்றாள் அவள், என்னைப் பார்த்தபடியே. "தலாக் விழுந்துச்சா இல்லையான்னு காதி சொல்லட்டும். இது எங்க உம்மா எனக்குக் குடுத்த வீடு. கதவைத் தொறக்கறதா வேணாமான்னு நான்தான் சொல்லணும்."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவனோடு சேர்ந்து நானும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.