லிஜின் போன ஊர்கள்

டாக்டர் பத்து வார்த்தைகள் சொன்னார். எலுமிச்சை, சாவி, ஆடு, மழை என்று போயிற்று. இருபது நிமிடம் கழித்துக் கேட்டபோது அக்கா பத்தையும் வரிசை பிசகாமல் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டைத்தான் சொல்லியிருந்தாள். "ஹார்மோன் மாத்திரை நல்லா வேலை செய்யுது, நிறுத்திராதீங்க செசிலி" என்றார் என்னிடம். எனக்குத்தான் அது நல்ல சேதியாகப் படவில்லை.

அக்கா ஜெஸ்பினுக்கு மனச்சிதைவு வந்து இருபது வருடம். காதில் கேட்கும் குரல்களைப் பழைய மாத்திரைகள் ஒருவழியாக அடக்கிவிட்டன. ஆனால் மாதவிலக்கு நின்றதிலிருந்து மறதி மிகவும் கூடிவிட்டது. உலையை வைத்துவிட்டு அடுப்பையே மறந்துபோவாள். அதற்குத்தான் இந்தப் புது மாத்திரை. இனயம் கடற்கரையில் மீன் விற்றுப் பிழைக்கிறவள் நான். அவள் தேறினால் என் பாரமும் குறையும் என்று சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். எட்டு வருடமாக அவளுடைய மறதியை நம்பித்தான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகன் லிஜின் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவளால் தாங்க முடியாது என்று, உடலில்லாமலே நடந்த அடக்கத்தன்று அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினோம். அதன்பிறகு "பிள்ள எங்கட்டி?" என்று கேட்கும்போதெல்லாம் வாயில் வந்த ஊரைச் சொன்னேன். மறுநாள் அது அவளுக்கு நினைவிருக்காது.

டாக்டரைப் பார்த்துத் திரும்பி வரும்போது, பஸ் கருங்கல் ஊரைத் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே அக்கா ஆரம்பித்தாள்.

"துபாய்ல நிக்கான்னு சொன்ன. பொறவு சவுதின்ன. ஈஸ்டருக்குக் கேட்டப்ப கொச்சியில மீன்பிடி போட்டுல நிக்கான்ன. அந்தோணியார் திருநாளுக்கு மஸ்கட்டுன்ன..."

எல்லாவற்றையும் என் குரலிலேயே சொன்னாள். பொய் சொல்லும்போது நான் எச்சில் விழுங்குவது கூட அதில் இருந்தது. முன் சீட்டுக்காரி திரும்பி, பேசியது யார் என்று தெரியாமல் என்னை முறைத்தாள்.

மறுநாள் காலையில் அந்த மாத்திரையை மட்டும் நான் கொடுக்கவில்லை. பாவம்தான், தெரியும். நாலு நாள் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"சின்ன வெள்ள மாத்திர எங்கட்டி? எனக்கு ஓர்மை இருக்கு."

கொடுத்தேன். விழுங்கிவிட்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவளை ஒரு நாளும் நாங்கள் அங்கே கூட்டிப்போனதில்லை. உப்புக்காற்றில் பெயர் அழிந்துபோன எத்தனையோ சிலுவைகளைத் தாண்டி, சரியாக லிஜினுடைய சிலுவையின் முன்னால் போய் நின்றாள்.

"ஒனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"கதவத்தான பூட்டினிய. ஜன்னல் தெறந்துதான கெடந்துது. பெட்டி எறக்கின எடம் வர தெரிஞ்சுது."

அப்படியே மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"அவன் இதுக்குள்ள இல்லல்லா?" என்றாள்.

இல்லை. பெட்டிக்குள் வைக்க வேறொன்றும் இல்லாமல் அவனுடைய நீலச் சட்டையைத்தான் வைத்தோம். துபாய்க்கு அனுப்ப என்று சொல்லி, அவள் கையாலேயே மடித்துத் தரச்செய்து வாங்கிய சட்டை.

"நான் மடிச்சுத் தந்த சட்டதான உள்ள கெடக்கு? அவன் வந்தா மாத்தி உடுக்க வேண்டாமா? நீயும் ஒரு கை பிடி, மக்களே."

அந்தக் குரலில் கிறுக்கு துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் வரமாட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு என்னிடமும் என்ன சாட்சி இருக்கிறது? முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாக வரத் தொடங்கியிருந்தது. அக்கா சற்று நகர்ந்து, எனக்கும் இடம் விட்டாள்.