சாலைக்கு முதுகு காட்டிய வீடு

குத்தம்பாக்கம் ஏரிக்கரையில் சாமுண்டீஸ்வரிக்குக் கட்டிய வீடு, சித்திரை மாதத்தில் திறப்பு விழாவன்று விடிந்தபோது, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சுவரில் விரிசல் இல்லை. கொத்தனார் கோபி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, வீடு நேராகத்தான் நிற்கிறது, திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். வாசலும் அதன் மேல் பதித்த நன்கொடையாளர் பலகையும் ஏரியைப் பார்த்திருந்தன.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கிராமப் பணிக்காகப் பாடியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் தெரசா, கட்டுவதற்கு முன்பே பெண்களை உட்காரவைத்துக் கோலமாவில் ஊர்ப்படம் போடச் சொன்னாள். மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். மீன் பிடித்துப் பிழைக்கும் சாமுண்டீஸ்வரி, வலை கண்ணில் படவேண்டும் என்று வாசலை ஏரிப் பக்கம் வரைந்தாள். அலுவலகம் அந்தக் கோலத்தை அழகாகப் படம் பிடித்துக்கொண்டு, பலகை தெரியவேண்டும் என்று வாசலைச் சாலைப் பக்கம் வைத்தது. எப்போதும் இதே கூத்துதான். கேட்பார்கள், கேட்டதற்கு ஆதாரம் வைத்துக்கொள்வார்கள், பிறகு தங்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள்.

"இன்னாம்மா இது? ஆயர் வர்ற நேரத்துல உன் ஊடு கோச்சிக்கினு நிக்குது?" என்றாள் தெரசா.

"என்னிய இன்னா கேக்கற மேடம்? கட்னது நீங்கோ. நீயாச்சு, ஊடாச்சு" என்று சொல்லிவிட்டு சாமுண்டீஸ்வரி உள்ளே கருவாடு வறுக்கப் போனாள்.

வாசல், பலகை, விருந்தினராக வரும் ஆயர் எல்லாம் ஒரே படத்தில் வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்குப் போனால்தான் அடுத்த வீடுகளுக்குப் பணம் வரும். மற்ற குடும்பங்கள் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. ஐப்பசி மழைக்குள் கூரை வேண்டும். பணி இயக்குநர் ஃபாதர் லிபின் புனித நீர் தெளித்துப் பார்த்தார். வீடு அசையவில்லை. டிராக்டர் கட்டி இழுக்கலாமா என்றார்.

"இழுத்தா மறுபடி திரும்பிக்கும் ஃபாதர். வாசப்படிய ஒட்டித் தண்ணி. எல்லாரும் தண்ணில எறங்கி நில்லுங்க, படம் எடுத்துக்கலாம்" என்றாள் தெரசா.

"ஆயரை எப்படிம்மா ஏரியில இறக்குறது?"

"பேதுருவே கடல்ல எறங்குனாரு. இவுரு முட்டி வரைக்கும் எறங்கட்டும்."

ஆயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெயிலில் கண் கூசியது. படம் நன்றாக வந்தது. அதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளம் என்று புரிந்துகொண்டு அழுதார்கள். வெள்ளமெல்லாம் இல்லை, இது கோடைகாலம் என்று தெரசா எழுதினாள். இவ்வளவு துன்பத்திலும் உங்கள் மனத்திடம் எங்களை நெகிழ வைக்கிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. எல்லா வீடுகளுக்கும் பணம், இதுவரை இல்லாத வேகத்தில் வந்தது. கூடவே கம்பளிகளும் வந்தன. குத்தம்பாக்கம் வெயிலில் கம்பளியை என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கோழிக்கூண்டுக்கு மேல் போர்த்தினார்கள்.

அலுவலகப் பொறியாளர் பழைய வரைபடத்தையே எடுத்து எல்லா வாசல்களையும் சாலைப் பக்கமே வைத்தார். கோபியும் அப்படியே கட்டினார். கான்கிரீட் காய்ந்த மறுநாள் விடியும்போது ஒவ்வொரு வீடும் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது தார்ப்பாய்க்கடியில் ஒருவரும் இல்லை. ரேஷன் அட்டை சரிபார்க்க வந்த ஸ்ரீநாத், சாலையில் குடையோடு நின்று வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டு, வாசல் எங்கே என்று கேட்டார். தெரசா ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னாள்.