படத்தில் ஆடிய கால்கள்

கல்லூரிச் சங்கங்களைப் பற்றி எடுத்த படங்களில் எது உசத்தி என்று எங்கள் ஊரில் வருஷா வருஷம் சண்டை நடக்கும். பழைய மாணவர்கள் திரும்பி வரும் அந்த அக்டோபர் வாரத்துக்கு முன்னாலேயே எல்லாச் சங்கங்களும் கூடி ஓட்டுப் போடும். ஜெயித்த படத்தைச் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நூலகச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். அலபாமாவில் கறுப்பர் கல்லூரி என்றால் கால்பந்து, வாத்தியக் குழு, அப்புறம் இந்தச் சண்டை. நான் ரெனெட்டா. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்கள் சங்கத்தாருக்குப் பிடித்தது 'பன்னிரண்டு பீப்பாய்'. அதில் கதாநாயகன் நான்கு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடமாட்டான். கல்லூரித் தலைவரின் ஆட்டைத் திருடி மாடியில் கட்டுவான். கடைசியில் பட்டமும் வாங்கிவிடுவான். எங்கள் அப்பா அம்மா அப்படியா எங்களைப் படிக்க அனுப்பினார்கள்? இன்னும் சில பேருக்குக் கொலைப் படங்கள்தான் உயிர். பெண்கள் விடுதியில் விளக்கு அணையும், கீழ் அறையில் சத்தம் கேட்கும், ஒருத்தி தனியாக இறங்கிப் போவாள். எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் முதல் சத்தத்திலேயே காரைக் கிளப்பியிருப்பாள். படம் அத்தோடு முடிந்திருக்கும்.

எங்கள் சகோதரிகள் சங்கமான ரோ தீட்டாவுக்கு ஒரே படம்தான். 'மக்னோலியா முற்றம்'. எண்பத்தெட்டில் எங்கள் கல்லூரியிலேயே எடுத்தது. கதை சுமார்தான். ஆனால் முடிவில் நாலு நிமிஷம் ஒரு காலடி ஆட்டம் வரும். பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. செருப்புக் குதிகாலும் உள்ளங்கையும் தொடையும்தான் மேளம். கேமரா கதாநாயகி சப்ரீனா வோனின் முகத்திலிருந்து கீழே இறங்கி, காலோடு நின்றுவிடும். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் எத்தனையோ பெண்கள் எங்கள் கல்லூரிக்கே வந்தார்கள். பதினோரு வருஷமாக ஓட்டில் அதுதான் ஜெயிக்கிறது.

அந்தக் கால்கள் சப்ரீனா வோனுடையவை அல்ல. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அதை நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சங்கக் கூடத்தில் மதியச் சாப்பாடு. உருளைக்கிழங்கு சாலட்டும் கோழியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போது சங்கத்தின் மாணவத் தலைவி நைலா எழுந்தாள். இருபத்தொரு வயசு, பேச்சில் கெட்டி.

"சகோதரிகளே, இந்த வருஷம் கௌரவ உறுப்பினரா சப்ரீனா வோன் அவங்களச் சேக்கலாம்னு நினைக்கிறோம். நம்ம ஆட்டத்த உலகத்துக்கே காட்டினவங்க. சனிக்கிழமை நேர்ல வர்றேன்னு சொல்லிட்டாங்க."

கைதட்டல் அடங்கவே நேரமானது. பிறகு மரப்பெட்டி சுற்றி வந்தது. ஒருத்தரைச் சேர்ப்பதற்கு எங்கள் வழக்கம் இதுதான்: சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, இல்லை என்றால் கறுப்பு. பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் காரியம் முடிந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். நாற்பத்தாறு வெள்ளை, ஒரு கறுப்பு.

நைலாவின் முகம் சுண்டிப்போனது. நான் எழுந்தேன்.

"அது நான் போட்டது."

"ஏண்டி ரெனெட்டா, போட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று முன் மேஜையிலிருந்து மர்சீன் அக்கா அதட்டினாள். அறுபது தாண்டியும் குரலில் அதே அதிகாரம். நாங்கள் சங்கத்தில் சேர்ந்த வருஷம் எங்களைப் பழக்கி எடுத்தவள் அவள்தான். எங்களுக்கு அன்றும் இன்றும் பெரியக்கா.

"தெரியும் பெரியக்கா. வரிசையில நடந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னும் தெரியும். ரெண்டையும் இன்னிக்கு மீறப்போறேன். நீங்களே சொல்லிடுங்க. அது யாரு காலு?"

மர்சீன் அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நானே சொன்னேன்.

எண்பத்தெட்டு வசந்தத்தில் சங்கத்தில் சேர நாங்கள் எட்டுப் பேர் ஒரே வரிசை. சேரும் காலம் முடியும்வரை சாம்பல் நிற உடை, குனிந்த தலை, உயரப்படி எண். நான் மூன்று. எட்டு, எல்லோரிலும் உயரமான ட்வைலா ஹார்ஜ்ரோவ். கடைசியில் நிற்பவளை வால் என்போம். முன்னால் போகிறவர்கள் யார் தடுக்கினாலும் வால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கை முடியும்வரை எங்கள் சங்கத்தின் ஆட்டத்தை வெளியில் ஒரு அடிகூட ஆடக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கட்டளை.

அந்த வாரம்தான் படக்காரர்கள் வந்தார்கள். ஆட்டத்தைச் சொல்லித்தர முடியாது என்று சங்கம் மறுத்துவிட்டது. அவர்கள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு நடன வாத்தியாரைக் கூட்டிவந்து சப்ரீனாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி இருந்தது. உடையோ எங்கள் சங்கத்து ஊதாவும் வெள்ளியும். பார்க்கிற எவரும் ரோ தீட்டா பெண்கள் இப்படித்தான் ஆடுவார்கள் என்று காலாகாலத்துக்கும் சிரிப்பார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்ற ட்வைலாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே இயக்குநரிடம் போனாள்.

"அந்தப் பொண்ண உக்கார வைங்க. கேமராவ என் முட்டிக்கு மேல தூக்காதீங்க," என்றாளாம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் ஆடிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் மர்சீன் அக்கா எங்கள் எல்லோர் முன்னாலும் அவளை வரிசையிலிருந்து விலக்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் சகோதரிகள் ஆனோம். ட்வைலா எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நடந்து பட்டத்தை முடித்தாள். அப்புறம் இருபத்தேழு வருஷமாக இதே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒவ்வொரு அக்டோபரும் மைதான வாசலில் கூடாரம் போட்டு கெளுத்தி மீன் பொரித்து விற்பாள். நானும் ஒவ்வொரு வருஷமும் வாங்கித் தின்றேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சோம்," என்று முடித்தேன். "இப்ப அந்தச் சோத்த வேற ஒருத்திக்குப் பரிமாறப் போறீங்க."

எல்லோரும் மர்சீன் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவ சொல்றது நிஜம். ட்வைலாவோட காலுதான். கட்டளைய மீறினா, விலக்கினேன். அப்ப எனக்கு வயசு இருபத்தாறு. கட்டளை பெரிசா தெரிஞ்சுது, அவ எதுக்காக மீறினான்னு தெரியல."

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு நாங்கள் மூன்று பேர் ட்வைலா வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பேருந்து.

"மீன் சனிக்கிழமைதான்," என்றாள், நிமிராமலே.

"மீனுக்கு வரல ட்வைலா," என்றாள் மர்சீன் அக்கா.

"அப்ப வழி தவறி வந்திருக்கீங்க."

நைலா முன்னால் போய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, நான் பத்து வயசுல அந்தப் படத்தப் பாத்தேன். மறுநாள் எங்கம்மாகிட்ட அந்தக் காலேஜுக்குத்தான் போவேன்னு அடம் புடிச்சேன். அது உங்க காலுன்னு நேத்துதான் தெரியும். உங்கள கௌரவ உறுப்பினரா சேக்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு கறுப்பு உருண்டைகூட இல்ல."

ட்வைலா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். இன்னும் எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம்.

"கௌரவ உறுப்பினர்னா படத்துல நடிக்கிறவங்களுக்கும் மேயர் பொண்டாட்டிக்கும் குடுக்கறது. நான் வரிசையில நின்னவ. அம்பத்தோரு நாள் நின்னேன். பாக்கி மூணு நாள். அதக் குடுங்க."

"என்னது?"

"வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூணு நாள் என்கிட்டேர்ந்து எடுத்துட்டீங்க. சும்மா ஒரு பதக்கத்தக் குத்திவிட்டா நான் சகோதரி ஆயிடுவேனா? மத்தவங்க எப்படி வந்தாங்களோ அப்படித்தான் நானும் வருவேன்."

"உனக்கு அம்பத்தாறு வயசாச்சுடி," என்றேன் நான்.

"உனக்கு மட்டும் பதினெட்டா? மூணாம் நம்பர் இல்லாம எட்டாம் நம்பர் எப்படி நடக்கும்? சாம்பல் கவுன் தச்சுக்கோ."

மர்சீன் அக்கா சிரிக்கப் போனாள், முடியவில்லை. "வியாழக்கிழமை காலைல ஆறு மணி, கொடிக்கம்பத்துக்கிட்ட," என்றாள். "தாமதமா வந்தா திட்டுவேன்."

"எப்பவும் திட்டத்தான செஞ்சீங்க, பெரியக்கா."

அன்று சாயங்காலமே நைலா சப்ரீனா வோனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள், "அந்தப் பொண்ணு பேரக்கூட எனக்கு யாரும் சொல்லல. நான் வரல, அது அவளோட நாள்," என்றாளாம். நல்ல மனுஷி என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் ஒருத்தி காலமாகிவிட்டாள். ட்வைலா தவிர மீதி ஆறு பேரில் இருவர் டெட்ராய்ட்டிலிருந்தும் ஒருத்தி ஹூஸ்டனிலிருந்தும் விமானம் ஏறி வந்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முட்டி வலி எல்லாம் எங்களோடு சேர்ந்து வந்தன. வியாழன் காலை ஆறு மணிக்கு, ஏழு கிழவிகள் சாம்பல் உடையில், தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு வளாகத்தில் நடந்தோம். மூலை வந்தால் வளைந்து போகக் கூடாது, சதுரமாகத் திரும்ப வேண்டும். பெரியக்கா கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. 'பன்னிரண்டு பீப்பாய்' பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியில் படம் பிடித்தார்கள்.

"ஆயாக்கள் எல்லாம் எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஒருத்தன் கத்தினான்.

எனக்கு நாக்கு அரித்தது. பின்னாலிருந்து ட்வைலா என் முன்னால் போகிறவளின் தோளைத் தட்டச் சொல்லி இருமினாள். முன்னால் போனவளின் கால் பிசகியிருந்தது, நான் கவனிக்கவில்லை. வால் கவனித்தாள். வெள்ளிக்கிழமை அதே பையன்கள் எழுந்து நின்று வழி விட்டார்கள். யாரோ கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு. முற்றத்தில் மூவாயிரம் பேர். மர்சீன் அக்கா ஒலிபெருக்கி முன்னால் நின்று கேட்டாள், "வால் யாரு?"

ட்வைலா தலையை நிமிர்த்தினாள். சங்கத்தை நிறுவிய ஒன்பது பேரின் பெயரையும் வருஷத்தையும் ஒரு மூச்சில் சொன்னாள். பிறகு எங்கள் எட்டுப் பேர் பெயரையும் வரிசைப்படி சொன்னாள், இறந்தவளையும் விடாமல். கடைசியில், "எட்டு. ட்வைலா ஹார்ஜ்ரோவ்," என்றாள். பேருந்தில் பின் இருக்கைப் பிள்ளைகளை அடக்குகிற குரல். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

பதக்கத்தைக் குத்த மர்சீன் அக்கா அவளை நெருங்கி வந்தாள். "என்ன மன்னிச்சிரு," என்றாள் மெல்ல. பதக்கம் ஏறும்வரை ட்வைலா பதில் சொல்லக் கூடாது. ஊசி பூட்டிய பிறகு சகோதரியாக அவள் சொன்ன முதல் வார்த்தைக்கு எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"இன்னிக்கு அந்தப் படம் போடறீங்களா?" என்று கேட்டாள். "நான் இன்னும் பாக்கல."

"என்னடி சொல்ற?"

"வெளியாளா உக்காந்து எப்படிப் பாக்கறது? மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மர்சீன். முன்னால ஒரு நாற்காலி போடச் சொல்லு."

பெரியக்கா இல்லை, வெறும் மர்சீன். அவளே ஓடிப்போய் நாற்காலி தூக்கி வந்தாள்.

பொழுது சாய்ந்ததும் நூலகச் சுவரில் படம் ஓடியது. இரண்டு பக்கமும் புல்தரையில் பெண்கள். அந்த நாலு நிமிஷம் வந்தது. முகத்திலிருந்து கேமரா இறங்கியது. கூட்டத்தில் ஒருத்தரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரையைப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கி, வேறு யாருடைய காலையோ மதிப்பிடுவதுபோல.

ஆட்டம் முடிந்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு முகம் கோணியது. "ஆனா கடைசிக்கு முந்தின அடியில இடது கால் பிந்திருச்சு. ச்சே. புதுச் செருப்பு, வழுக்கிச்சு. ஒரே தடவைதான் எடுத்தாங்க, சரி பண்ண விடல."

நைலா அவளையே பார்த்தாள். "பிந்திருச்சா?"

"ஆமா. தப்பு அது."

நைலா எழுந்தாள். அவளைப் பார்த்து மற்ற பெண்கள் எழுந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயசுப் பெண்கள், அறுபது எழுபது பேர், திரைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரே நேரத்தில் குதிகால் இறங்கியது. கை, தொடை, குதிகால். கடைசிக்கு முந்தின அடியில் எழுபது இடது கால்களும் ஒன்றாக அரை நொடி பிந்தி விழுந்தன.

"இதுதான் ரோ தீட்டா அடி," என்றாள் நைலா மூச்சு வாங்க. "வேற எந்தக் காலேஜுக்கும் இது வராது. இத ஒழுங்கா பிந்த வைக்கறதுக்கே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு, ஆன்ட்டி."

ட்வைலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "ஆன்ட்டி இல்ல," என்றாள். "அக்கா."