ஒரு தெருவுக்கு ஒரு வாக்கியம்

1

என் அப்பா ஆஸ்பத்திரியில் உயிரை விட்டபோது நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரும்மா, அப்புறம் தூங்கிட்டாரு" என்றேன். அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்கிறாள். "நீயே சொல்லுடா" என்று என்னையும் சாட்சிக்கு இழுக்கிறாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். ஒரு சாவுக்கு எத்தனை பொய் சொல்லலாம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. போர் பிறகு வந்து சேர்ந்தது. நான் போரைப் பார்த்தவன் இல்லை. தெருக்குழாய்ச் சண்டையிலேயே குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன்.

2

முதல் தொடக்கம்: "பீரங்கிகள் முழங்கிய அந்தக் கருக்கலில் அவள்..." வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரே முழக்கம் மேல்வீட்டுக்காரர் கட்டிலை இழுப்பதுதான்.

இரண்டாவது: "போர் முடிந்த ஆறாம் ஆண்டில் ஆலைகளின் புகைக்கூண்டுகளில் காக்கைகள் கூடு கட்டின." எழுதியவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள்." இது நிற்கிறது. இதோடு போகலாம்.

3

போர் நடந்த நான்கு வருடமும் அவளுக்கு ஒரே வேலை. இறந்துபோன வீரர்களின் வீடுகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் அச்சடித்தது, பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும். ஆனால் வீட்டார் விடவில்லை. அலுவலக வாசலுக்கே வந்து நின்றார்கள். கடைசியில் என்ன சொன்னார், வலித்ததா, யாரையாவது கேட்டாரா? அதிகாரி இந்தத் தலைவலிக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்.

"கீழ கையால ஒரு வரி எழுதிடும்மா. மனசு ஆறுற மாதிரி. அப்புறம் யாரும் வரமாட்டாங்க."

"என்ன சார் எழுதறது? நமக்கு ஒண்ணுமே தெரியாதே."

"தெரிஞ்சத எழுதறதுக்கு நீ எதுக்கும்மா?"

(அவருக்கு இவ்வளவு சாமர்த்தியமான பேச்சு வருமா என்று சந்தேகம்தான். என் பதிப்பாளரிடமிருந்து எடுத்துக் கொடுத்தேன்.)

முதலில் ஆளுக்கொரு வாக்கியம் எழுதினாள். ஒரு நாளைக்கு அறுபது கடிதம் என்று ஆனபோது கை ஓய்ந்தது, கற்பனையும் ஓய்ந்தது. அந்த வாரத்தில்தான் போர்முனையிலிருந்து வந்த ஒரு குறிப்பின் ஓரத்தில், பக்கத்திலிருந்த மருத்துவ உதவியாள் உண்மையாகவே ஒன்றை எழுதி அனுப்பியிருந்தான். சாகும்போது அந்த ஆள் சொன்னது: "குளிருது, சட்டைப் பொத்தானப் போட்டுவிடுங்க. வீட்ல தெரிஞ்சா திட்டுவா."

அதை அந்த வீட்டுக்கு அப்படியே எழுதினாள், அழுதாள். மறுநாள் வேறொரு கடிதத்தின் அடியில் கை தானாக அதையே எழுதியது. இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் விசாரிக்க வரவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே தெருவுக்கு ஒரே வாக்கியம் இரண்டு முறை போகக் கூடாது, குழாயடியில் பேசிக்கொள்வார்கள். அவள் நகரத்தின் தெருப்பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வாக்கியம் போன தெருவுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். கடைசிவரை ஒரு தெருவில்கூடப் பிசகவில்லை.

4

போர் முடிந்தது. சீருடைத் துணி நெய்த ஆலைக்குத் துணி கேட்க ஆளில்லை. பூட்ஸ் பட்டறை மூடியது, பிறகு வங்கி மூடியது. திரும்பி வந்தவர்கள் தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாவு நின்றுபோனதால் அவளுடைய பிரிவையும் கலைத்துவிட்டார்கள். கோப்புகளைப் பழைய தாளுக்குப் போட்டார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கிய கடிதமும் அச்சடித்ததுதான். கீழே கையால் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

[இந்த இடத்தில் பொருளாதார மந்தம் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பணவீக்கம், கடன், ஏற்றுமதி எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்த என் மனைவி, "இதுல யாருக்குப் பசிக்குது?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.]

வாடகை கொடுக்க முடியாதவர்கள் வீடுகளைக் காலி செய்து கிடைத்த மூலைக்குப் போனார்கள். பட்டியலில் இருந்த தெருக்கள் கலைந்தன. இலவச ரொட்டி கொடுக்க நகரத்தின் பாதிக்கு ஒரே ஒரு ஜன்னல். சிவப்புப் புள்ளி வைத்த அத்தனை தெருக்களும் அந்த வரிசையில் வந்து நின்றன. அவளும் நின்றாள்.

5

அவளுக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி சலவை ஆலையில் இஸ்திரி போட்டவள். ஆலை மூடி எட்டு மாதம். மற்றவள் அச்சகத்தில் தாள் மடித்தவள். முன்பின் தெரியாதவர்கள், நேரம் போக வேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொத்தானப் போடுங்க, வீட்ல திட்டுவான்னாராம்" என்று இஸ்திரிக்காரி சிரித்தாள். "சாகப்போற நேரத்துலயும் எனக்குப் பயந்திருக்காரு மனுஷன்! அவரு போனப்ப பொண்ணு வயித்துல. இப்ப எட்டு வயசு. அவளுக்கு அப்பான்னா இந்த ஒரு பேச்சுதான். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு, 'அப்பா மாதிரி நான் திட்டு வாங்கமாட்டேன்'னு பள்ளிக்கூடம் போறா."

தாள் மடிப்பவள் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"அக்கா, இது எங்க வீட்டுக்காரரு சொன்னது."

"எது?"

"பொத்தான். எனக்கு வந்த கடுதாசியில இருக்கு. கடைசியில, கையெழுத்துல. ஒரு சொல் மாறல."

இஸ்திரிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், உன் வீட்டுக்காரருக்கும் எனக்குப் பயமா?"

6

பின்னால் நிற்கிற எழுத்தரை என்ன செய்வது? நாலு நாளாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். ஒரு பிரதியில் அவளை நைசாக நழுவவிட்டேன். ஆனால் அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பசித்தவள் வரிசையை விட்டுப் போகமாட்டாள். இன்னொரு பிரதியில் அவளைப் பேச வைத்தேன்: "ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்திருப்பாங்க. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் பேருல வந்திருக்கும்." உடனே தாள் மடிப்பவள், "எங்காளு கப்பல்ல இருந்தாரு" என்றாள். "எங்காளு மலையில" என்றாள் இஸ்திரிக்காரி. பொய் அரைநிமிடம்கூடத் தாங்கவில்லை.

அதனால் அதே பிரதியில் உண்மையைச் சொல்ல வைத்தேன்.

"நான்தான் எழுதினேன். நெறைய பேருக்கு எழுதினேன். ஆனா முழுப்பொய் இல்லக்கா. ஒருத்தரு அத நெசமாவே சொன்னாரு."

"யாரு?"

"ஞாபகம் இல்ல."

ஜன்னல் திறந்தது. வரிசை நகர்ந்தது. அவர்கள் மூவரும் நகரவில்லை. இஸ்திரிக்காரி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. கப்பலா, மலையா? அதாவது ஞாபகம் இருக்குமே."

"நகருங்கம்மா! ரொட்டி தீந்துடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சிலர் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். நாலைந்து ஆள் தள்ளி நின்ற ஒரு பெண் மட்டும் போகாமல் கிட்டே வந்தாள்.

"என்னமோ பொத்தான்னு பேசினீங்களே, அது என்னது?"

7

உண்மை ஒன்றுதான், கேட்கிறவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். வரிசையில் இன்னும் எத்தனை பேரோ. கப்பல் என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது, மலை என்று எழுதினாலும் முடிந்தது. பேனா என் கையில்தான் இருக்கிறது. எழுதினேன், அடித்தேன், மாற்றி எழுதினேன், அதையும் அடித்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இதைத் தீர்மானிக்க யோக்கியதை கிடையாது.

இனி உங்கள் பாடு. அந்த வாக்கியத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், யாருக்கும் கொடுக்காமலும் விடுங்கள். ஆனால் மற்றவர்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், முகத்தைப் பார்த்து. இஸ்திரிக்காரிக்கு இல்லை என்று முடிவு செய்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். சாயங்காலம் பள்ளி விட்டுவிடும். அவள் மகளுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேறொரு வாக்கியம் வேண்டியிருக்கும். அதை நான் எழுதித் தரமாட்டேன்.