நீல மூடி

படகுத்துறைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது புது பிக்கப்பின் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு வரி ஓடியது: யூரியா கரைசலின் தரம் சரியில்லை. தம்பி அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வரி வந்தது. எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினால் வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது.

"என்னடா சொல்லுது?" பக்கத்து இருக்கையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா மிரட்டுது."

மிரட்டல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பின்னால் மூடிய கூண்டில் முப்பது அட்டைப் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்கு நூறு கோழிக்குஞ்சுகள். எல்லாம் அக்காவின் பொரிப்பகத்தில் முந்தைய நாள் சாயங்காலம் ஓடு உடைத்தவை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணைக்குப் போக வேண்டும், அதுவும் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள். கூண்டுக்கு மின்விசிறி கிடையாது. வண்டி ஓடுகிற வேகத்தில் உள்ளே புகும் காற்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் டயர் வெடித்து ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றபோது ஆறு பெட்டிகளைத் திறந்து பார்த்து அப்படியே மூடியவள் அக்கா.

"யூரியான்னா எங்கடா ஊத்துவாங்க?"

"டீசல் மூடிக்குப் பக்கத்துல நீல மூடி இருக்குல்ல, அதுல. புகையைச் சுத்தம் பண்றதுக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலை ஐந்தரை மணிக்கு அந்த நீல மூடியைத் திறந்து இரண்டு பாட்டில் குடிதண்ணீரை ஊற்றியது அவள்தான்.

அந்த வீட்டில் யார் வண்டியெடுத்தாலும் "போயிட்டு வா" என்று சொல்வதில்லை. "தண்ணி பாத்தாச்சா?" என்பார்கள். பழைய பிக்கப்பின் ரேடியேட்டர் அப்படிக் குடிக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம். புது வண்டியில் பானெட்டைத் திறந்தால் கறுப்புத் தகடுதான் தெரிந்தது. எங்கே ஊற்றுவது என்று சுற்றித் தேடியவளின் கண்ணில் பட்டது அந்த மூடி ஒன்றுதான்.

பழைய பிக்கப் இப்போதும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது, கூண்டில்லாத திறந்த முதுகில் இருபது தீவன மூட்டைகளோடு. ஓட்டுவது அவள் புருஷன். அவரிடமிருந்து போன் வந்தது.

"என்ன மாப்ளே, திடீர்னு மெதுவாயிட்ட? வண்டி யோசிக்குதா?"

"யூரியா தப்புன்னு சொல்லுது மாமா. அணைச்சா அப்புறம் இருபதுக்கு மேல போகாதாம்."

"அடேங்கப்பா! என் வண்டி இதுவரைக்கும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

"பேசாது. செல்ஃப் போயி ஆறு மாசமாச்சு, வாய் எங்கேருந்து வரும்?"

அது உண்மை. பழைய வண்டியின் செல்ஃப் மோட்டார் செத்துவிட்டது. அவர் அதைச் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டு கியரில் கிளப்புவார். சமதளம் என்றால் எஞ்சினை அணைப்பதே இல்லை.

துறையில் படகு காத்திருந்தது. தட்டையான இரும்புப் படகு. நான்கு வண்டிகள் நிற்கலாம். இரண்டு பிக்கப்புகளும் ஏறியதும் படகுக்காரர் கையைக் குறுக்காக வீசினார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

"அண்ணே, அணைச்சா என் வண்டி ஓடாது" என்றான் தம்பி.

"அணைச்சா என் வண்டி கிளம்பாது" என்றார் மாமா.

படகுக்காரர் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல ஜோடி. போன மாசம் ஓடுற எஞ்சினோட நின்ன வண்டி ஒண்ணு தண்ணிக்குள்ள போயிடுச்சு. அணைச்சாத்தான் கயித்த அவுப்பேன்."

அடுத்த பாலம் எழுபது கிலோமீட்டர் சுற்று. தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கூண்டின் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினாள். காற்று உடம்புச் சூட்டில் இருந்தது. குஞ்சுகளின் சத்தம் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாக மாறியிருந்தது. சத்தம் குறைய ஆரம்பித்தால்தான் மோசம்.

"அணைங்க ரெண்டு பேரும்" என்றாள்.

எஞ்சின்கள் நின்றன. படகு நகர்ந்தது.

"இருபதுல நாப்பது கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். கூண்டுக்குள்ள காத்தே போகாது" என்றாள். "மூட்டைய எல்லாம் இதுல மாத்துங்க. குஞ்சுப் பெட்டிய அதுல ஏத்துங்க."

"அதுலயா? அது கிளம்பலேன்னா?" என்றான் தம்பி.

"கிளம்பிட்டா நிக்காது. இது கட்டி இழுக்கட்டும். இருபது போகும்ல? அது போதும்."

அக்கரை சேரப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மூவரும் மூட்டைகளைத் தூக்கினார்கள். பெட்டிகளை மூன்று மூன்றாக, இடையில் கை நுழையும் சந்து விட்டு அடுக்கினாள் அக்கா. மேலே வெள்ளைத் துணியைக் கட்டினாள். படகுக்காரர் கேட்காமலே ஒரு தடித்த கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். கரை தெரிந்தபோது தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நேத்து வரைக்கும் ஒரு விளக்கு எரிஞ்சதில்ல. காலையில நீங்கதானே மாமா இதைச் சுத்திச் சுத்தி வந்தீங்க?"

"என்ன சொல்ற?"

"யாரோ எதையோ ஊத்தியிருக்காங்கன்னு சொல்றேன். இந்த வண்டி வந்த நாள்லேருந்தே உங்களுக்கு ஆகல."

மாமா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "நான் டயரப் பாத்தேன்டா. பெட்டிய எல்லாம் உன் வண்டியிலயே திருப்பி ஏத்திக்க. எனக்கென்ன வந்துச்சு."

படகு கரையில் இடித்தது. படகுக்காரர் இறக்குப் பலகையைத் தள்ளினார். கயிறு இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் கிடந்தது, யாரும் குனியவில்லை. பெட்டிகளிலிருந்து வந்த இரைச்சல் கொஞ்சம் தணிந்ததுபோல அக்காவுக்குத் தோன்றியது.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள். "ரெண்டு பாட்டில் தண்ணி. அந்த நீல மூடியில. தண்ணி பாக்கணுமேன்னு."

தம்பி நீல மூடியைத் திரும்பிப் பார்த்தான். மாமா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை எடுத்தார்.

"கொக்கி எங்கடா இருக்கு உன் வண்டியில? கம்பெனிக்காரன் அதையும் ஒளிச்சு வச்சிருக்கானா?"

புது வண்டி கிளம்பி முனகிக்கொண்டே பலகையில் ஏறியது. கயிறு விறைத்தது. மேலே சமமான ரோட்டுக்கு வந்ததும் மாமா கிளட்சை விட்டார். பழைய வண்டி ஒரு குதி குதித்து அடங்கியது. மறுபடி இழுத்தார்கள், கறுப்புப் புகை மட்டும் வந்தது. பெட்டிகளின் மேல் கை வைத்தபடி பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, "ஏங்க, கியர ரெண்டுல போட்டிருக்கீங்களா மூணுலயா?" என்று கத்தினாள்.

"மூணு!"

"ரெண்டுல போடுங்க!"

மூன்றாவது தடவை அது இருமியது, நின்றது, நின்றதென்று நினைத்தபோது பிடித்துக்கொண்டது. மாமா காலை எடுக்காமல் உறுமவிட்டார். தம்பி ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தான். பழைய வண்டி அவனைத் தாண்டிப் போனது. வெள்ளைத் துணி படபடவென்று அடிக்கும் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

அவன் இருபதில் போனான். சைக்கிளில் வந்த ஒருவர் அவனோடு கூடவே வந்து, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு முந்திப் போனார். பண்ணையை அடைய இரண்டேகால் மணி நேரம் ஆனது. வழியில் போன் அடிக்கவில்லை. அவனும் அடிக்கவில்லை.

வாசலில் பழைய பிக்கப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பெட்டிகள் காலியாக ஓரமாகக் குவிந்திருந்தன. நிழலில் குந்தியிருந்த மாமா ஒரு கை விரல்களையும் இன்னொரு கையில் இரண்டு விரல்களையும் காட்டினார். ஏழு. மூவாயிரத்தில் செத்தது ஏழு.

தம்பி தன் வண்டியை அணைத்துவிட்டுத் தடுமாறி இறங்கினான்; கால் மரத்திருந்தது. அக்கா கொட்டகையிலிருந்து வந்தாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். நீட்டினாள்.

அவன் அதை வாங்காமல் கேட்டான். "எனக்கா, வண்டிக்கா?"