கறிக்கு இல்லை

உப்புத்தாளை நோக்கிப் போன கையை அவர் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தேய்க்கிறீங்களா?" என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி. நோயில் பார்வை போயிருந்தது. காது மட்டும் பாம்புக் காதாக இருந்தது.

"இல்லம்மா, சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"தேய்ச்சீங்கன்னா எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

தண்ணீர் குடிக்கவே அவளை ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் வாய் குறையவில்லை.

அவர் பல்செட் செய்கிறவர். அவள் பழங்கால எலும்புகளை ஆராய்கிறவள். அருங்காட்சியகத்தில் ஒரு காட்டெருமையின் விலா எலும்புத் துண்டு இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும், அதில் ஏழு கீறல்கள். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரோ கறி வெட்டும்போது கல் கத்தி பட்ட தடம் என்று அருங்காட்சியகத் தலைவர் சொல்லி, அதை ஆதி மனிதரின் சாப்பாட்டைப் பற்றிய உணவு அறையில் வைத்துவிட்டார். எந்த எலும்பைக் காட்டினாலும் அவர் அதையேதான் சொல்வார் என்பதால் வீட்டில் அவருக்குக் கசாப்பு சார் என்று பெயர்.

வேண்டுமென்றே போட்ட கோடுகள் என்பது அவள் கட்சி. கோடு போட்டவருக்கு மனதில் ஏதோ இருந்திருக்கிறது, வயிற்றில் மட்டும் இல்லை என்பாள். நிரூபிக்கத்தான் வழியில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எலும்பைப் பாதுகாக்கிறேன் என்று எப்போதோ வார்னிஷ் பூசிவிட்டிருந்தார். கீறல்களின் விளிம்பெல்லாம் மூடிப்போயிற்று. அதை எடுக்கச் சொல்லி அவள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, தலைவர் இப்போதுதான் சம்மதித்தார்.

வார்னிஷ் போன எலும்பில், பல்லுக்கு அச்செடுக்கும் பசையை அழுத்தி அச்செடுத்தது கணவர்தான். அவள் விரலுக்குத் தெரிய வேண்டுமே என்று அதைப் பல மடங்கு பெரிதாக்கி, செயற்கை ஈறுக்கான பிசினில் முழ நீளத்துக்கு மாதிரி செய்தார். அதனால் அது நல்ல ரோஸ் நிறம். முதலில் செய்ததைத் தொழில் பழக்கத்தில் தேய்த்து மினுமினுப்பாக்கிப் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. யார் வாயில மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள். விளிம்பை அப்படியே விட்டுவைத்து இரண்டாவது செய்ய வேண்டியதாயிற்று. இதில் சொரசொரப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது.

டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். கசாப்பு சார் வருவதற்குள் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இப்போது கணவருடைய கவலை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய அக்கா கதவைத் திறந்தாள். தலைவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க மேடம்?" என்றார்.

"போய்க்கிட்டிருக்கேன். நீங்க விஷயத்துக்கு வாங்க."

"மைக்ராஸ்கோப்ல பாத்தேன். கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. ஆனா ஒரு முடிவுக்கு வர முடியல."

"கண்ண மூடுங்க."

"என்னது?"

"கண்ணத் தொறந்து வெச்சிருந்தா உங்களுக்குக் கத்தியும் கறியும்தான் தெரியும். மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

அவர் கண்ணை மூடினார். கணவர் மாதிரியை அவர் மடியில் வைத்தார். விரல் முதல் கோட்டில் இறங்கியது. "வழவழன்னு இருக்கு." இரண்டாவது கோடு. "இது சொரசொரப்பு." மூன்றாவது வழவழப்பு, நான்காவது சொரசொரப்பு. ஏழாவது வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து தடவினார்.

"பச்சை எலும்புல கீறினா ஓரம் வழவழன்னு வரும்" என்றாள் அவள். "சொரசொரன்னு பிசிறா வந்தா?"

"காஞ்ச எலும்பு."

"காஞ்ச எலும்புல கறி இருக்குமா?"

"இருக்காது." தலைவரின் குரல் இறங்கியிருந்தது. "நாலு கோடு முதல்ல. காஞ்சப்புறம் ஒவ்வொரு இடைவெளியிலயும் சரியா ஒண்ணு. எதுக்குக் கீறினான்?"

"ஆம்பளன்னு யார் சொன்னா? கீறினா."

"சரி, கீறினா. எதுக்கு?"

"எனக்கும் தெரியாது. ஆனா கறிக்கு இல்ல."

"கறிக்கு இல்ல."

"கேக்கல."

"கறிக்கு இல்லம்மா!" என்று தலைவர் கத்திய கத்தலில் அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கட்டிலில் தங்கை சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை சந்தோஷம் தன் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை என்று தோன்றியது.

தலைவர் போனபின் அவள் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"பல்லு புடுங்கின மாதிரி."

"நல்லா ஒரு தூக்கம் போடறேன்" என்றாள். சாயங்காலம் அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் வாய் கொள்ளாமல் சிரித்துப் பேசுவதைப் பார்த்து, அதிர்ச்சியில் இருக்கிறார் என்று ஆளுக்காள் கிசுகிசுத்தார்கள். நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் ஜெயித்துவிட்டாளே, அதை எங்கே கொண்டு வைப்பது?

தலைவர் போன் செய்தார். "எலும்ப இன்னிக்கே இடம் மாத்தறோம். அவங்க சார்பா யாராவது இருக்கணும்."

அவர் கிளம்பியதைப் பார்த்து அக்கா வாசலை மறித்தாள். "இவள நடு வீட்டுல வெச்சுக்கிட்டு எங்க போறீங்க?"

"மத்தியானம் எடுக்கறதுக்குள்ள வந்துடறேன். எலும்பு உணவு ரூம்லேருந்து வெளிய வருது."

அக்கா வாசலை விட்டு விலகினாள். "போறதே போறீங்க, சட்டைய மாத்திட்டுப் போங்க."

அருங்காட்சியகத்தில் தலைவர் எலும்பை இரண்டு கைகளிலும் ஏந்தி, அடிமேல் அடி வைத்து, மனிதர் செய்தவை என்று பலகை மாட்டிய அறைக்கு நடந்தார். காவலர் முன்னால் போய் வழி விலக்கினார். புதிய பெட்டியில் வைத்துப் பூட்டியதும் தலைவர் கணவரின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். விளக்க அட்டை இன்னும் எழுதப்படவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் பெட்டியருகே நின்று, "என்னங்க இது?" என்று கேட்டாள்.

"முதல்ல நாலு கோடு போட்டிருக்காங்க. எலும்பு காஞ்சப்புறம் யாரோ திரும்பி வந்து, நடுவுல மூணு போட்டிருக்காங்க. என் மனைவி கண்டுபிடிச்சது."

"எதுக்குத் திரும்பி வந்தாங்க?"

"அது இன்னும் தெரியல."

அந்தப் பெண் குனிந்து, கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ண ஆரம்பித்தாள். கண்ணாடியைத் தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்த காவலர் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.