அடுப்பு வரியில் ஒரு டிக்

மெக்கானிக் அடுப்பைப் பற்ற வைத்ததுமே அவன் மனைவி கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மறுவாழ்வு மையத்து டாக்டர், நர்ஸ், நினைவுப் பயிற்சி கொடுக்கும் அக்கா, அவள். அந்தப் பக்கம் பயிற்சிச் சமையலறையில் அவன் மட்டும். டீ போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு. இல்லையென்றால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிக்கு, எத்தனை வருஷமோ!

லாரிக்கு அடியில் ஜாக்கி நழுவித் தலையில் அடிபட்டதிலிருந்து, பத்து நிமிஷத்துக்கு முன் நடந்தது அவனுக்கு நினைவில் நிற்காது. அதற்குத்தான் சட்டைப் பையில் நோட்டு. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவனே டிக் போட வேண்டும். மூன்று மாதமாக நாலு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லி, மனுஷன் நோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்படி செய்திருந்தார்கள்.

டீயை வடிகட்டினான். நோட்டைப் பிரித்து வரி வரியாக விரலை ஓட்டினான். 'அடுப்பை அணை' என்ற வரியில் டிக் இருந்தது. எரிகிற அடுப்பை ஏறிட்டும் பாராமல், டம்ளரோடு ஜம்மென்று வெளியே வந்தான்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்திலேயே கைத்துணி. இதுவே வீடாக இருந்து, நாலு வயசு மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால்? மனைவி கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

நர்ஸ் ஓடிப்போய் அணைத்தாள். டாக்டர் பேனாவைத் திறந்தார். "நோட்டு இவருக்கு உதவலைன்னு எழுதிடறேன்."

"எழுதாதீங்க சார்!" மனைவியின் குரல் கீச்சிட்டது. "அந்த டிக் நான் போட்டது. தினமும் அடுப்பை அணைச்சிடுவாரு, டிக் போடத்தான் மறப்பாரு. கட்டம் காலியா இருந்தா ஃபெயில் ஆக்கிடுவீங்களோன்னு பயந்து, காலையிலயே..."

குழந்தையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுத்த அம்மா மாதிரி தலைகுனிந்து நின்றாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? நீங்களும் எங்கள்ல ஒருத்தர்தானே!" அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் பேனாவை மூடினார். இன்னும் இரண்டு வாரப் பயிற்சி, மறுபடி தேர்வு.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்தான். "அடிப்பாவி, என்னைக் கொளுத்தப் பார்த்தியே!" மறப்பதற்குள் நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'நோட்டை அவளிடம் கொடுக்காதே.'

அப்பாடா என்று அவள் பெஞ்சில் சாய்ந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் டீயைக் குடித்து முடித்தான். கால் மணி நேரம் கழித்து நோட்டைப் பிரித்தான். முதல் பக்கத்தைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். மெல்ல நகர்ந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போனான்.

"ஏன்? என்னை என்ன பண்ணே நீ?" அவன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.